மொழிபெயர்ப்பில் விடுபட்ட பத்தி

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மொழியில். பிறகு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, பிரெஞ்சுக் காலப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழும். ஒரு வரி விட்டுப்போனால் ஒருவருடைய பாத்தியதையே போய்விடும் என்று பயந்து பயந்து எழுதுவேன்.

பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமெத்ர் 1927இல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். பிரபஞ்சம் விரிகிறது, கேலக்ஸி என்னும் நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விலகும் என்றார். அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவை வைத்து வேகம் தெரியும். சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு வினாடிக்கு 625 கி.மீ. வேகம் என்று கணக்கும் போட்டார். இந்த விகிதம் தெரிந்தால், வேகத்திலிருந்தே தொலைவைக் கணக்கிடலாம்.

1929இல் அமெரிக்காவின் ஹப்பிள் ஏறத்தாழ 500 என்றார். விதிக்கு அவர் பெயரே நிலைத்தது. தொலைவுகளைக் குறைத்து மதிப்பிட்டதால் இரண்டு எண்களும் பெரிதாகிவிட்டன. இன்றைய மதிப்பு சுமார் 70.

1931இல் லெமெத்ர் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தபோது அந்தக் கணக்கைக் காணோம். யாரோ வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள் என்று பிற்காலத்தில் சந்தேகம் கிளம்பியது. 2011இல் மரியோ லிவியோ ஒரு பழைய கடிதத்தைக் கண்டெடுத்தார். மொழிபெயர்த்தவர் லெமெத்ரேதான்! அந்தப் பகுதியால் இனிப் பயனில்லை என்று அவரே விட்டிருக்கிறார்.

2018இல் சர்வதேச வானியல் சங்கம் ஓட்டெடுத்து, ஹப்பிள்–லெமெத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது. லெமெத்ர் 1966லேயே காலமாகிவிட்டார்.

அடுத்தவர் பத்திரத்தில் ஒரு வரி விட எனக்குக் கை நடுங்கும். அவரோ தன் பாத்தியதையைத் தானே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.