பெயரில் மருந்து

திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி. சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்கள். ஏலாதி ஆறு சரக்கு. பதினெண்கீழ்க்கணக்கில் மருந்தின் பெயரைச் சூடிய இம்மூன்றும் பேசுவது அறத்தை. அதே தொகுப்பிலுள்ள திருக்குறளிலோ 95ஆம் அதிகாரத்துக்கே 'மருந்து' என்று பெயர். மூலிகை ஒன்றும் இல்லை. ஞாபகசக்திக்கு வல்லாரையாவது இருக்கும் என்று ஒரு மாணவி புரட்டித் தேடினார். முதற்பா வளி முதலிய மூன்றைச் சொல்லும். இறுதி மூன்று மருத்துவத் தொழிலுக்கு. இடைப்பட்ட ஆறும் (942-947) உணவைப் பற்றியே: முன்னுண்டது செரித்ததா, பசித்ததா, அளவு மிஞ்சிற்றா?

ஆசாரக்கோவை இன்னும் கறார். கால் கழுவிய ஈரம் உலருமுன் உண்ண வேண்டும். உலர்ந்த பின்பே படுக்க வேண்டும். (அதன் மற்ற விதிகள் பலவும் இன்று ஒவ்வா.)

நீரிழிவுக்கு மாத்திரை விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போகும் எனக்கு, அளவோடு உண்ணச் சொல்லும் 943ஐ நடத்தும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது.