உறுப்பும் ஆயுதமே

கீழ்வெண்மணி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நெருப்பு. 1968 டிசம்பர் 25 இரவில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். அந்தக் குடிசைக்குள் அவர்கள் ஏன் ஒடுங்கினார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வெளியே துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்று இந்த நாட்டில் முடிவு செய்தவர்கள் யார்? இந்தக் கேள்வியோடு ஆயுதச் சட்டத்தின் வரலாற்றைப் படிப்போம்.

1857 எழுச்சியின் அச்சம் தீராத வெள்ளை அரசு, லிட்டன் பிரபு காலத்தில், 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. துப்பாக்கி, வாள், ஈட்டி மட்டுமல்ல. ஈட்டி முனை, வில், அம்பு, ஆயுதத்தின் பாகங்கள், அவற்றைச் செய்யும் இயந்திரம் எல்லாமே அச்சட்டத்தில் 'ஆயுதம்' ஆயின. அதே வேளையில் ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. குடகில் குடகருக்கும் ஜம்மா நிலம் வைத்திருந்தவருக்கும் விலக்கு உண்டு. பொருளைப் பார்த்து எழுதிய சட்டம், விலக்கு என்று வந்ததும் பிறப்பையும் நிலத்தையும் பார்த்தது.

ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் குடிமக்களுக்கு வாக்களித்தது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. நிலமும் அடியாளும் யாரிடம் குவிந்திருக்கிறதோ அவர்களிடமே ஆயுத உரிமையும் போய்ச் சேரும் என்பதைச் சேரிகளில் வாழ்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1959ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. வரையறையின் விரிவை நீக்கவில்லை. துப்பாக்கியின் ஓசையையோ சுடும்போது எழும் ஒளியையோ குறைக்கும் துணைக்கருவி, அதாவது சைலன்சர் போன்றது, அச்சட்டப்படி வெறும் துணைக்கருவி அல்ல, அதுவே 'துப்பாக்கி'. தனியாக அதனால் ஒரு குண்டும் சுட முடியாது. ஆனாலும் அதன் நோக்கம் என்னவென்று சட்டம் பார்க்கிறது. சில்லறைப் பாகங்களுக்கு விலக்கு உண்டு. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே செய்யப்பட்ட கருவிகளும் சாதாரணக் கைத்தடியும் ஆயுதம் ஆகா.

இவ்வளவு நுட்பமாக உறுப்புகளை எண்ணத் தெரிந்த அரசுக்கு இன்னொரு கடமையும் எழுதப்பட்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 3ஆம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அடையாளம் காண வேண்டும். அங்கே, தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையெனில் நம் மக்களுக்கு உரிமம் வழங்கலாம். 1878இன் விலக்குப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட விதி இது.

நாம் துப்பாக்கி கேட்கவில்லை. நம் மாவட்டத்தில் இந்த விதியின்கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின என்ற கணக்கைக் கேட்கிறோம். ஓசையை அடக்கும் குழாயைக்கூட ஆயுதம் என்று எண்ணும் சட்டம், நம் ஓசையை அடக்கும் கைகளையும் எண்ணட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆளுக்கொரு மனு எழுதுவதே இந்த நினைவு நாளில் நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி.