பாப்போவரும் சேர்வராயன் மலையும்

பாப்போவர் என்பது மைதா, பால், முட்டை, உப்பு, சிறிது வெண்ணெய் ஆகியவற்றைக் கரைத்து, ஈஸ்ட், சோடா உப்பு முதலியன எதுவும் சேராமல், நன்கு காய்ந்த கிண்ணங்களில் ஊற்றி ஓவனில் சுட்டெடுக்கும், உள்ளே கூடான ஒரு ரொட்டி வகையாகும். கரைசலிலுள்ள நீர் ஆவியாவதே இதனை உப்பச் செய்கிறது. எண்ணெயில் இட்ட பூரி எழும்புவதும் இதே நியாயத்தினால்தான். சுட்ட சில நிமிஷங்களுக்குள் உண்ணாவிடில் துவண்டுபோகும் சுபாவம் உடையதாதலின், இது ரொட்டிக் கடைகளின் அலமாரியில் ஒருபோதும் இடம் பிடிக்கவில்லை. ஆகவே இதன் சரித்திரத்தை வியாபாரக் கணக்குகளில் அல்லாமல், சமையல் நூல்களிலும், வீடுகளுக்கு மூடிய அடுப்பு வந்துசேர்ந்த வரலாற்றிலுமே தேட வேண்டியிருக்கிறது.

இதன் மூதாதை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் புட்டிங். நெருப்பின் முன் வாட்டப்படும் மாமிசத்திலிருந்து சொட்டும் கொழுப்பு வீணாகாதபடி, அடியில் வைத்த தட்டில் மாவுக் கரைசலை ஊற்றிச் சுடும் சிக்கனமான யுக்தியை, 1737இல் வெளியான இல்லறக் கையேடு ஒன்று குறிப்பிடுகிறது; 1747இல் ஹன்னா கிளாஸ் அம்மையார் தமது சமையல் நூலில் அதனை யார்க்‌ஷயரின் பெயரோடு இணைத்து எழுதினார். அமெரிக்காவில் கொழுப்புக்குப் பதிலாக வெண்ணெயும், அகன்ற தட்டுக்குப் பதிலாகத் தனித்தனிக் கிண்ணங்களும் பிரயோகத்திற்கு வந்தன. பாப்போவர் என்ற பெயர் 1850ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் காணப்படுகிறது. 1876இல் மேரி ஹெண்டர்சனின் சமையல் நூலில் செய்முறையாகவே அச்சேறிற்று. இடையில், 1859இல், பாஸ்டன் நகரத்து நதானியேல் வாட்டர்மன் வார்ப்பிரும்பு அச்சுத் தட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். உஷ்ணத்தைச் சேமித்துவைத்துக் கரைசலுக்கு ஒரே வீச்சில் அளிக்கும் அத்தகைய கனத்த தட்டுகள் இல்லாமல், பாப்போவர் இத்தனை பிரசித்தி அடைந்திருக்குமா என்பது ஐயமே. மேய்ன் மாநிலத்து ஜோர்டன் பாண்டு விடுதியில் இது தலைமுறைகளாகத் தேநீருடன் பரிமாறப்படுவது உண்மைதான். ஆனால் அங்கும் அடுப்பிலிருந்து நேரே மேஜைக்கு வந்தாக வேண்டும்.

இனி நம் பக்கத்து மலைக்கு வருவோம். 1820களில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிப் பயிரைப் புகுத்தியதற்குப் பின், ஏற்காட்டைச் சூழ எழுந்த ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் பங்களாக்களோடு ஐரோப்பியச் சமையலும் மலையேறிற்று. ஆயினும் அக்காலத்து அடுப்பு இத்தகைய பதார்த்தங்களுக்கு அனுகூலமானதன்று. மூடியுள்ள பாத்திரத்தைத் தணலின்மேல் வைத்து, மூடியின்மேலும் கங்குகளைப் பரப்பிச் சுடுவதே பொது வழக்கமாக இருந்தது. கேக்குக்குப் போதுமான அந்தச் சூடு, தொடக்கத்திலேயே கடும் உஷ்ணம் வேண்டும் பாப்போவருக்குப் போதாது. மேலும், புகைக்கும் தீக்கும் அஞ்சிச் சமையற்கட்டைப் பங்களாவிலிருந்து விலக்கிக் கட்டினார்கள். மார்கழிக் குளிரில் முற்றத்தைக் கடந்து மேஜைக்கு வரும் தூரமொன்றே இதனைத் துவளச் செய்யப் போதுமானது. 1878இல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சென்னை ராஜதானியின் வெள்ளையர் குடும்பங்களுக்கென்றே சமையல் நூல் எழுதிய கர்னல் கென்னி ஹெர்பர்ட், நம் நாட்டுச் சமையற்கட்டுகளின் நிலையைக் குறித்து மனம் நொந்துகொண்டதில் வியப்பில்லை.

தென்னிந்தியாவில் ரொட்டி மாவைக் கள்ளினால் புளிக்கவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1937 அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலாக அமுல்செய்த ஜில்லா, ஏற்காட்டை உள்ளிட்ட இந்தச் சேலம் ஜில்லாவே. கள்ளை நாடாமல் முட்டையையும் ஆவியையும் மட்டுமே நம்பிய பாப்போவருக்கு அச்சட்டத்தால் யாதொரு பாதகமும் நேர வழியில்லை என்பதை இங்கே குறித்துவைக்கலாம்.

மேஜைமேல் வைக்கத்தக்க மின்சார ஓவன் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிய பிறகே, இது நம் வீடுகளில் சாத்தியமாயிற்று. குக்கரில் மணல் பரப்பிக் கேக் சுடும் நம் பெண்மணிகளின் சாமர்த்தியம் பாராட்டத்தக்கதே; ஆனால் மணல் மெல்லச் சூடேறுவது, பாப்போவர் மெல்ல எழும்ப இசையாதது. ஒரு கோப்பை மைதாவுக்கு ஒரு கோப்பை பால், இரண்டு முட்டை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கரண்டி உருக்கிய வெண்ணெய் என்பது சாதாரண அளவு. கரைசல் தடையின்றி ஒழுகும் பதத்தில் அரைமணி நேரம் இருக்க வேண்டும். வெண்ணெய் தடவிய கிண்ணங்களை ஓவனிலேயே காயவைத்து, பாதிக்குமேல் ஊற்றி, 220 டிகிரி செல்சியஸில் இருபது நிமிஷமும், பின்னர் 180 டிகிரியில் பதினைந்து நிமிஷமும் சுடுவார்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும். பிறகு விளிம்பு தடித்து, நடு வெடித்து, முடி ஒருபக்கம் சாய்ந்து கிண்ணத்துக்கு வெளியே எழும்பும். அப்போது ஆவலினால் கதவைத் திறப்பவர், தம் கண்முன்னேயே அது அமுங்கக் காண்பார்.

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் இதற்குத் தனி கவனம் தேவை. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் ஆறில் ஐந்து பங்கே. நீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. சமவெளியிலேயே ஒரு பங்கு நீர் 1,600 பங்குக்கு மேற்பட்ட ஆவியாக விரியுமாயின், மலையில் அந்த விரிவு இன்னும் மிகுதி. முட்டையின் புரதம் இறுகி, சுவர் கெட்டிப்படுமுன் ஆவி மிகுந்து எழுந்தால், உச்சி பிளந்து கூடு சரிந்துவிடும். ஆதலின் முட்டையை ஒன்று கூட்டி வெண்ணெயைச் சற்றுக் குறைப்பதும், குளிர்ந்த பாலை வெதுவெதுப்பாக்கிச் சேர்ப்பதும் நலம். வெளியே எடுத்தவுடன் கத்தி முனையால் பக்கத்தில் ஒரு துளையிட்டு ஆவியை வெளியேற்றினால், மேலோடு மொறுமொறுப்பாகவே நிற்கும். வெண்ணெயும் தேனும் தடவி உண்பது பொது வழக்கு. சேர்வராயன் தோட்டங்களில் காபிக்கு நிழல்தரும் மரங்களில் படரும் மிளகைப் பொடித்துத் தூவுவதே மேல் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.