அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம்

அமெரிக்கத் தரைப்படை, கடற்படை, வான்படை, மரைன் படை ஆகியவற்றின் சிறப்புப் பிரிவுகளை ஒரே தலைமையின்கீழ்க் கொண்டுவரும் அமைப்பு. தலைமையகம் புளோரிடா மாநிலத்தின் மெக்டில் வான்படைத் தளத்தில் உள்ளது.

இது ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1980 ஏப்ரலில், தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கச் சென்ற படை, ஹெலிகாப்டர்கள் பழுதானதால் ஈரானியப் பாலைவனத்திலேயே முயற்சியைக் கைவிட்டது. திரும்பும் தறுவாயில் ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோத, 8 வீரர்கள் மாண்டனர். வெவ்வேறு படைகளிலிருந்து திரட்டப்பட்ட அந்த மீட்புப் படையினர் முழு ஒத்திகை ஒன்றைக்கூடச் சேர்ந்து பார்த்ததில்லை. இது பெரும் பிழை.

இந்தக் குறையைப் போக்க, படைத்துறைத் தலைமை எதிர்த்தபோதும், செனட்டர்கள் சாம் நன், வில்லியம் கோஹன் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தால் 1987 ஏப்ரல் 16 அன்று கட்டளையகம் உருவானது. தனி நிதி அதிகாரமே அதன் முதன்மையான பலம். பயங்கரவாத எதிர்ப்பு, பிணைக்கைதி மீட்பு, நட்புநாட்டுப் படைகளுக்குப் பயிற்சி ஆகியவை இதன் பணிகள். மரைன் படைப் பிரிவு 2006இல்தான் இணைந்தது.