சாம்பலும் கல்லறையும்: உயிர்த்தெழுதல் பற்றிய தமிழ் ஐயங்களும் மறுமொழிகளும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கிறித்தவர்கள் அடக்கம் செய்யப்படுகின்றனர். பத்து லஞ்சாங்கில் இந்துக்களுக்கான சுடலை உள்ளது. ஒரே குடும்பக் கிளையைச் சேர்ந்த தமிழருள் சிலர் மண்ணுக்கும் சிலர் நெருப்புக்கும் செல்வது இந்நகரில் புதுமையன்று. இறந்த உடல் மீண்டும் எழுமா என்னும் வினா இத்தகைய குடும்பங்களில் வெறும் ஏட்டு வினாவாக இருப்பதில்லை.

இவ்வினாவை எழுப்பிய ஐரோப்பியரின் ஐயம் வேறு, தமிழரின் ஐயம் வேறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. 1748இல் அற்புதங்களைப் பற்றி எழுதிய டேவிட் ஹியூம், இயற்கை விதியை மீறியதாகக் கூறப்படும் நிகழ்ச்சிக்கு எந்தச் சாட்சியமும் போதாது என வாதிட்டார். அவருக்குச் சிக்கல், மாண்டவர் மீளுதல் இயலாது என்பது. சைவத் தமிழருக்கோ அது சிக்கலே அன்று. மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்திலிருந்து அவளைச் சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பியதைச் சேக்கிழார் விரிவாகக் கூறுகிறார். திங்களூரில் அப்பூதியடிகளின் மகனை அப்பர் எழுப்பினார். அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்டார். இவற்றைக் கேட்டு வளர்ந்தவர் கிறித்தவப் போதகரிடம் கேட்கக்கூடிய வினா, "எப்படி எழுந்தார்?" என்பதன்று, "இதில் உங்களுக்கு மட்டும் என்ன சிறப்பு?" என்பதே.

இதற்கு விடையளிக்க முயன்றோருள் தலையாயவர் 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி. அவர் எதிர்கொண்ட முதல் இடர் சொல்லில் இருந்தது. மீண்டும் உயிர் பெறுதல் என்றால் கேட்பவர் மறுபிறப்பை நினைப்பார். ஆதலால், உயிர்த்தெழுதலை விளக்குமுன் மறுபிறப்பு அதுவன்று எனக் காட்டவேண்டியிருந்தது. 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என அவர் பெயரில் வழங்கும் நூலின் தலைப்பே இத்தேவையை உணர்த்தும். மறுபிறப்புக்கு எதிராகப் பொதுவாக எழுப்பப்படும் வாதம் ஒன்றுண்டு: முற்பிறப்பின் நினைவே இல்லாதவனுக்கு அதன் வினைப்பயனைத் தண்டனையாகத் தருவதால் பயன் என்ன? கூர்மையான கேள்விதான். ஆனால் குழந்தைப் பருவத்தை மறந்தவனும் அப்பருவத்தில் உண்ட உணவால் வளர்ந்தவனே எனச் சைவர் மறுக்க இடமுண்டு. மறுபிறப்பை மறுத்துவிடுவதாலேயே உயிர்த்தெழுதல் நிறுவப்பட்டுவிடாது என்பதையும் கூறியாக வேண்டும்.

உண்மையான முரண் உடலைப் பற்றியது. முட்டைக்கூட்டை விட்டுப் பறவை பறந்தாற்போல உயிர் உடலை நீங்கும் என்றார் வள்ளுவர். விட்ட கூட்டுக்குப் பறவை ஏன் திரும்ப வேண்டும்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் தரும் மறுமொழி, விதைக்கப்படுவது ஒன்று, முளைத்தெழுவது வேறு என்பதாகும். இவ்வுவமை வழியே பார்த்தால் பூம்பாவைக்கும் இயேசுவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். பூம்பாவை பெற்றது இவ்வுலக வாழ்வு; மீண்டும் இறத்தற்குரியது. கிறித்தவர் நம்புவதோ இனிச் சாவில்லாத, மாற்றமுற்ற உடல். எனினும் உரோமைத் திருச்சபை 1886இல் தகனத்தைத் தடைசெய்தது. உயிர்த்தெழுதலை மறுக்கவே சிலர் ஐரோப்பாவில் தகனத்தைப் பரப்புகின்றனர் என்பது அதன் அச்சம். 1963இல்தான் தடை தளர்ந்தது. சாம்பல் ஒரு தடையன்று என்பதில் சேக்கிழாருக்கு ஐயமே இருந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். கிறித்தவர் பழித்த சைவ வழிபாட்டு முறைகளுக்கு ஒப்பானவற்றை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டியது அவர் முறை. இருதரப்பும் இறைவனை ஏற்றவர்களாதலின் இது சொற்போராகவே நின்றது.

1929 திசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்குத் துறையில் வந்திறங்கினார். அவர் பரப்பிய பகுத்தறிவு நோக்கின்முன் பூம்பாவையின் குடமும் எருசலேமின் காலிக் கல்லறையும் ஒன்றே. அதுவரை ஒருவரையொருவர் மறுத்துவந்த சைவரும் கிறித்தவரும் ஒரே கூண்டில் நிற்க நேர்ந்தது. புராணத்தைக் காட்டியோ மறுபிறப்பை மறுத்தோ இவ்வையத்துக்கு விடை சொல்ல இயலாது, சாட்சியமே வேண்டும்.

கிறித்தவர் காட்டும் சாட்சியங்களுள் வலுவானது பவுலின் அத்திருமுகமே. சிலுவை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட அதில், உயிர்த்தவரைக் கண்டோரின் பட்டியல் உள்ளது. அவர்களுட் பலர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் பவுல் கூறுகிறார். பெண்களின் சாட்சியம் பெரிதும் மதிக்கப்படாத அக்காலத்தில், புனைபவர் எவரும் பெண்களை முதற்சாட்சிகளாக்கியிரார் என்பது மற்றொரு வாதம். ஆனால் பவுலின் பட்டியலில் அப்பெண்கள் இல்லை. கல்லறைக்குச் சென்றோர் யாவர் என்பதிலும் நான்கு நற்செய்திகள் ஒத்துப்போகவில்லை. சீடர் தாம் கண்டதை மெய்யென நம்பினர் என்பதுவரை வரலாற்றாசிரியர் துணிந்து செல்லலாம். கண்டது எது என்பதற்கு வரலாற்றுமுறை விடை தராது. தரும் என வாதிடும் கிறித்தவரும் தராததாலேயே பொய் என்னும் ஐயவாதியும் அம்முறையின் எல்லையைக் கடந்தவர்களே.

ஐயுற்றவரைப் பழைய நூல்கள் விலக்கிவைக்கவில்லை. தழும்பைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமாவே தமிழகத்துக்கு வந்த திருத்தூதர் என்பது மரபு. அவர் கல்லறை இருப்பதாக நம்பப்படும் மயிலாப்பூரில்தான் நொபிலியும் 1656இல் காலமானார். அவ்வூர்க் கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குத் தனிச் சந்நிதி உண்டு. அவள் எழுந்த நிகழ்ச்சி ஆண்டுதோறும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் நடித்துக் காட்டப்படுகிறது; சாந்தோம் ஆலயத்தின் உயிர்த்த ஞாயிறும் பெரும்பாலும் அதே பருவத்தில்தான் வருகிறது.