பாம்பு, இகுவானா வளர்ப்பவர்களே... ஹீட்டரால் கரன்ட் பில் எகிறுதா? எங்கே தப்பு நடக்குது?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் மீன் தொட்டி வைத்திருந்த வீடுகளில் இப்போது இகுவானா, பால் பைதான், ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமை என்று ஆசை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், தீனி என்ன என்று கேட்கிறோம். ஆனால் கரன்ட் எவ்வளவு இழுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ரெண்டு மாசம் கழித்து மீட்டர் ரீடிங் எடுத்த பிறகுதான் அந்தக் கேள்வியே வருகிறது.

பில்லைப் பார்த்துப் பயந்து ஹீட்டரை ஒரேயடியாகப் பிடுங்கிப் போட்டால் அது உயிருக்கே ஆபத்து. அதே நேரம், நம்ம ஊர் வெயிலில் அந்த ஹீட்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விடை இருக்கிறது.

ஏன் சூடு வேண்டும்?

நாய், பூனை சாப்பிட்ட சாப்பாட்டை எரித்துத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாம்பு, பல்லி, ஆமைக்கு அது முடியாது. வெளியிலிருந்துதான் சூடு வாங்க வேண்டும். உடம்பு குளிர்ந்தால் செரிமானம் படுத்துவிடும். குளிரில் இரை விழுங்கிய பாம்பு அதைக் கக்கிவிடுவது இதனால்தான். இகுவானா என்றால் தீனி எடுக்காமல் சோர்ந்து கிடக்கும். நாள்கணக்கில் இப்படி இருந்தால் நுரையீரல் தொற்று வரைக்கும் போகும்.

கூண்டின் எல்லா இடமும் ஒரே சூட்டில் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விஷயம். ஒரு ஓரம் சூடாகவும் மறு ஓரம் அதைவிடக் குளுமையாகவும் இருக்க வேண்டும். பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளுமையான பக்கம் 25 முதல் 27 டிகிரி இருந்தால் போதும். இகுவானா வெயில் காயும் இடத்தில் 35 டிகிரிக்கு மேல் கேட்கும். எங்கே உட்காருவது என்பதை அது தானே முடிவு செய்துகொள்ளும்.

லண்டன் கணக்கு, கும்மிடிப்பூண்டிக்கு ஒத்து வராது

இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை பிரிட்டன், அமெரிக்கா வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே வீட்டுக்குள் 20 டிகிரி இருப்பது சாதாரணம். ‘100 வாட் ஹீட்டர் போடுங்கள்’ என்று அதில் இருப்பதை அப்படியே இங்கே செய்வதுதான் முதல் தப்பு.

சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே சுமார் 21 டிகிரி. பகலில் 29, 30 வரை போய்விடும். திருத்தணி பக்கம் உள்ளே போனால் இரவில் இன்னும் கொஞ்சம் குளிரும், ஆனால் கோடையில் அதே திருத்தணி தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் அடித்த ஊர்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கும். கான்கிரீட் வீட்டுக்குள் ராத்திரியிலும் வெளியில் இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு என்றால் கதை வேறு. அது பகலில் கொதிக்கும், விடியற்காலையில் சட்டென்று குளிர்ந்துவிடும்.

கூண்டுக்குள் வேண்டிய சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, ஏறக்குறைய அதற்கு ஏற்றபடிதான் கரன்ட் செலவாகும். அறை 20 டிகிரி, கூண்டு 30 டிகிரி என்றால் 10 டிகிரி ஏற்ற வேண்டும். அறை 25 டிகிரி என்றால் 5 டிகிரிதான், செலவும் பாதிதான். ஏப்ரல், மே மாதங்களில் அறையே 33, 34 டிகிரி இருக்கும்போது ஹீட்டருக்கு வேலையே இல்லை. அப்போது பிரச்சினை சூடு கூடிப் போவதுதான்.

பில் எப்படி எகிறுகிறது?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். 101 முதல் 200 வரைக்குக் கிடைத்த அந்த ரூ.2.35 சலுகை போய், 101-லிருந்து 400 வரை எல்லாமே ரூ.4.70 ஆகிவிடும். 501-லிருந்து 600 வரை ரூ.8.40. சரியாக 500 யூனிட் என்றால் பில் ரூ.1,805. 501 யூனிட் என்றால் ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்!

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, மோட்டார் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 380 யூனிட். பில் ரூ.1,081. அந்த வீட்டில் ஒரு இகுவானா வருகிறது. 100 வாட் செராமிக் ஹீட்டர் தெர்மோஸ்டாட் இல்லாமல் நாள் முழுக்க ஓடுகிறது. ஒரு நாளைக்கு 2.4 யூனிட், 60 நாளைக்கு 144 யூனிட். வெயில் காய 75 வாட் பல்பு தினமும் 10 மணி நேரம், அது 45 யூனிட். 24 வாட் யுவி டியூப் 12 மணி நேரம், அது 17 யூனிட். மொத்தம் 206 யூனிட் கூடி, 586-ல் போய் நிற்கும். பில் ரூ.2,762. ஒரே ஒரு பிராணிக்காக ரூ.1,681 கூடுதல்.

அதே இகுவானா, அதே வீடு. ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டில் மாட்டியாச்சு. ராத்திரி 8 மணி நேரத்தில் விட்டு விட்டுப் பாதி நேரம்தான் ஓடுகிறது. 24 யூனிட். பல்பை 50 வாட்டுக்கு மாற்றி, காலையிலும் மாலையிலும் சேர்த்து 6 மணி நேரம். 18 யூனிட். யுவி டியூப் அதே 17. கூடுதல் 59 யூனிட்தான், மொத்தம் 439. பில் சுமார் ரூ.1,421. முன்பு 1,681 கூடியது, இப்போது 340 கூடுகிறது. வித்தியாசம் யூனிட்டில் மட்டும் இல்லை, அந்த 500 கோட்டைத் தாண்டாமல் நின்றதிலும் இருக்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஸ்லாப் கணக்கு பொருந்தாமல் போகலாம். சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு லைன் வீட்டில் இருக்கும் பலருக்கு வீட்டு ஓனர் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டில் வாங்குவார். அது யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் அந்த 206 யூனிட்டுக்கு 2,060 ரூபாய் கொடுக்க வேண்டும், 59 யூனிட்டுக்கு 590. இலவச 100 யூனிட்டும் கையில் கிடைக்காது. பிராணி வாங்கும் முன் ஓனரிடம் ரேட்டைக் கேட்டுவிடுவது நல்லது. (பாம்பு வளர்க்கப் போகிறேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அது வேறு ஒரு பஞ்சாயத்து.)

தெர்மோஸ்டாட்தான் முதல் செலவு

மீன் தொட்டி சாமான் விற்கும் கடைகளிலும், கோழி முட்டைக்கு இன்குபேட்டர் செய்பவர்கள் வாங்கும் கடைகளிலும் டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் கிடைக்கும். கொளத்தூர் மீன் மார்க்கெட் பக்கம் போனால் தேட வேண்டியதே இல்லை. சென்சார் வயரைச் சூடான பக்கத்தில் பிராணி இழுக்க முடியாதபடி பொருத்தி, வேண்டிய டிகிரியை வைத்தால் அது தானே அணைந்து தானே எரியும்.

விலை குறைந்த கன்ட்ரோலர்களில் ஒரு ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் ரிலே எப்போதாவது ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் வாங்கவே வேண்டாம். நம்ம ஊர் குளிருக்கு 3 அடி மரக் கூண்டுக்கு 40 முதல் 60 வாட் பெரும்பாலும் போதும். கன்ட்ரோலர் கெட்டுப்போனாலும் பிராணியை வேகவைக்கும் அளவுக்கு அதில் சக்தி இருக்காது. கூடவே தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள்.

வோல்டேஜ் ஏறி இறங்கும் வீடு என்றால் இது இன்னும் முக்கியம். 230 வோல்ட்டில் 100 வாட் தரும் ஹீட்டர், 200 வோல்ட்டில் சுமார் 76 வாட்தான் தரும். 250 வோல்ட்டுக்கு ஏறினால் 118 வாட் ஆகிவிடும். கையால் அட்ஜஸ்ட் பண்ணி வைத்த சூடு அடுத்த நாள் அதே சூடாக இருக்காது.

கண்ணாடித் தொட்டி பார்க்க அழகு. ஆனால் சூட்டைப் பிடித்து வைக்காது. பிளைவுட் பெட்டிக்கு முன்பக்கம் மட்டும் கண்ணாடி போட்டால் போதும். ஏற்கெனவே கண்ணாடித் தொட்டி இருந்தால் பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் வெளியே தெர்மாகோல் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் சில பிராணிகள் கடித்து விழுங்கிவிடும். ஹீட்டருக்குப் பக்கத்திலும் தெர்மாகோல் ஆகவே ஆகாது, தீப்பிடிக்கும். செராமிக் ஹீட்டரைப் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டுவதும் அதே மாதிரிதான், பீங்கான் ஹோல்டர் கேட்டு வாங்குங்கள். கோழிக்குஞ்சுக்குப் பல்பு போட்டு வளர்த்த வீடுகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

காசே இல்லாத சூடு மொட்டை மாடியில் இருக்கிறது. காலை 7 மணியிலிருந்து 8.30 வரை இகுவானா, ஆமை போன்றவற்றைக் கம்பி வலைக் கூண்டில் வைத்து, பாதி நிழல் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து வெயில் காட்டலாம். எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரும் அதிலேயே கிடைக்கும், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது கிடைக்காது. கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைக்கும் தவறை மட்டும் செய்யாதீர்கள். சில நிமிஷங்களில் உள்ளே அடுப்பு மாதிரி ஆகி, உயிர் போய்விடும்.

ஏசி ரூமில் கூண்டா?

உண்மையில் பெரிய செலவு இங்கேதான். மே மாதம் பெட்ரூமில் 24 டிகிரியில் ஏசி ஓடுகிறது. அதே ரூமில் கூண்டு. ஏசி அறையைக் குளிர்விக்க, ஹீட்டர் கூண்டைச் சூடாக்க, ஹீட்டர் விட்ட சூட்டை ஏசி மறுபடி வெளியே தள்ள என்று ரெண்டும் விடிய விடிய சண்டை போடும். 1.5 டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு 1 யூனிட்டுக்கு மேலேயே இழுக்கக்கூடியது. கூண்டை ஹாலுக்கு மாற்றினாலே கோடையில் ஹீட்டர் செலவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

மாடியில் சோலார் போட்டால் தீர்ந்ததா என்றும் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் ரூ.78,000 மானியம் உண்டு. சொந்த வீடு, ஏசி இருக்கும் வீடு என்றால் யோசிக்கலாம். ஒரு கூண்டுக்காக மட்டும் அவசியமில்லை.

பில்லைவிடப் பெரிய சிக்கல்

நட்சத்திர ஆமை, மலைப்பாம்பு, உடும்பு போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘ராசிக்கு வைத்திருக்கிறோம்’ என்பதெல்லாம் எடுபடாது, சிறை வரை போகும்.

வெளிநாட்டு இனங்களுக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. பால் பைதான், பச்சை இகுவானா, சல்கேட்டா ஆமை மூன்றும் சைட்டிஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை. 2022-ல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாகி, இவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய 6 மாத அவகாசம் தரப்பட்டது. பிராணி குட்டி போட்டாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பால் பைதான் பிடிபட்ட செய்திகள் சென்னை விமான நிலையத்திலிருந்து அடிக்கடி வருகின்றன. பேப்பர் இல்லாமல் மலிவாக ஒருவர் விற்கிறார் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

வீட்டிலேயே குட்டி எடுத்து விற்கத் தொடங்கினால் மின் இணைப்பிலும் பிரச்சினை வரும். வீட்டுக்கு என்று வாங்கிய இணைப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும். பிடிபட்டால் அபராதத்தோடு கணக்குப் போடுவார்கள்.

கரன்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் நிறுத்தும்போது கவலை இல்லை, பகல் சூடே தாங்கும். மழைக்கால இரவுகள்தான் சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் கூண்டைப் போர்வையால் மூடி, காற்றுக்குச் சின்ன இடைவெளி விட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு ஓரத்தில் வைக்கலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை தெரிந்தாலோ வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அன்றைக்குப் பாம்புக்கு எலி கொடுக்காதீர்கள். வளர்ந்த, ஆரோக்கியமான பால் பைதான் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வயிற்றில் இரையோடு குளிரில் கிடப்பதை அதனால் தாங்க முடியாது.