களவு போன காரும் கரந்தைப் பூவும்

சென்ற மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவரின் கார் இரவோடு இரவாகக் காணாமல் போய்விட்டது. விடிந்ததும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "நீங்க ஆபீஸ்ல இருந்தவருங்க, அடுத்து என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். புகார் மனு எழுதிக் கொடுத்தேன். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், இரண்டு சாவியும் கைவசம் உள்ளன என்ற விவரம் எல்லாம் அதில் சேர்த்தேன். எழுதும்போதே என்னுடைய பழைய மாருதி 800 ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

களவு போனதை மீட்பது நம் ஊர்களில் இன்று நேற்று வந்த பாடல்ல. அந்தக் காலத்தில் கார் இல்லை, மாடு இருந்தது. பகைவர் மாட்டைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததைத் துரத்திப் போய் மீட்பது கரந்தை. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சித் திணைக்குள்ளேயே வைத்தது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாகப் பிரித்தது. மீட்கப் போகிறவன் கரந்தைப் பூவைச் சூடிக்கொண்டு போவான்.

இது ஏட்டில் மட்டும் உள்ள சங்கதி அல்ல, கல்லிலும் உண்டு. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. மாட்டைக் கொள்வது என்று பொருள். செங்கம் வட்டாரத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் ஏராளமான நடுகற்கள் உண்டு. 1965 வரை தருமபுரி நம் சேலம் மாவட்டத்தில்தானே இருந்தது. அந்தக் கற்களில் அடிக்கடி வரும் சொல் 'தொறு'. மாட்டு மந்தை என்று அர்த்தம். தொறுவை மீட்கப் போய் இறந்தவன் இன்னார் என்று கல் சொல்லும். ஆக, அன்று களவு போனதை மீட்பதற்கு ஒருவன் உயிரை விலையாகக் கொடுத்தான். ஊர் அவனுக்குக் கல் நட்டது.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். மதுரைப் பக்கத்தில் 'துப்புக்கூலி' என்று ஒரு வழக்கம் இருந்ததை 1906-ஆம் வருஷத்து மதுரை மாவட்ட கெஜட்டியர் பதிவு செய்திருக்கிறது. மாடு தொலைந்தால் இடைத்தரகரிடம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். சில நாளில் ஓரிடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். யார் ஓட்டிப் போனார் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்திய தண்டனைச் சட்டம் 1860-லேயே இதற்கு ஒரு பிரிவு வைத்திருந்தது, 215. திருடனைப் பிடித்துக் கொடுக்க முயற்சி செய்யாமல், பொருளை மட்டும் மீட்டுத் தருகிறேன் என்று கூலி வாங்கினால் இரண்டு வருஷம் வரை தண்டனை. சட்டம் இருந்தும் வழக்கம் நடந்தது. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவதைவிடத் துப்புக்கூலி மலிவு என்று குடியானவன் கணக்குப் போட்டிருப்பான்.

இனி என் கதை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பழைய மாருதி ஒன்று வாங்கினேன். வாங்கிய மறு வருஷம் ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தால் வண்டி இல்லை. ஏழு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் அகப்பட்டது. நம்பர் பிளேட் மாறியிருந்தது. வாகனச் சோதனையில் சந்தேகப்பட்டு, சேஸிஸ் நம்பரை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

போனதும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி அல்ல. வண்டி இப்போது வழக்குச் சொத்து. கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 பிரிவுகள் (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 497, 503). இதில் நமக்குப் பெரிய உதவி 2002-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குத் தீர்ப்பு. பிடிபட்ட வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் போட்டுத் துருப்பிடிக்க விடக் கூடாது, போட்டோவும் பஞ்சநாமாவும் எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கி, உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்றது. என் வக்கீல் அதைக் காட்டித்தான் மனுப் போட்டார்.

கோர்ட் வராந்தாவில் ஒருவர் என்னிடம் வந்து கும்பிட்டார். காய்கறி வியாபாரி. என் வண்டியைத் திருடியவன் அல்ல, பணம் கொடுத்து வாங்கியவர். பழைய வண்டி விற்கிற கடையில், வீட்டுக்காரம்மா நகையை அடகு வைத்து வாங்கியிருக்கிறார். காட்டிய ஆர்.சி. போலி என்று அவருக்குத் தெரியவில்லை. போலீசாரும் அதை நம்பி அவரைச் சாட்சியாகத்தான் வைத்திருந்தார்கள்.

அவர் என்னிடம் பணம் கேட்கவில்லை. "பேட்டரி நான் புதுசா போட்டதுங்க. அத மட்டும் கழட்டிக்கட்டுங்களா?" என்றார்.

வழக்குச் சொத்தில் கை வைக்கக் கூடாது என்றார் வக்கீல். பேட்டரிக்கு உண்டான பணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். நானும் வண்டியை ஓட்டிக்கொண்டு நாமகிரிப்பேட்டை வந்து சேர்ந்தேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். திருடுவதற்கும் பறப்பதற்கும் அந்த மொழியில் ஒரே வினைச்சொல் என்று முதலில் படித்தபோது வகுப்பே சிரித்தது. பல வருஷம் கழித்துப் பழைய புத்தகங்களைப் புரட்டியபோது பிரெஞ்சு சிவில் சட்டம் கண்ணில் பட்டது. நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்தது. 1819-இல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கும் அமலானது. அதன்படி களவு போன பொருளை உரியவர் மூன்று வருஷத்துக்குள் யாரிடம் இருந்தாலும் மீட்கலாம். ஆனால் அதை வைத்திருப்பவர் சந்தையிலோ, அந்த மாதிரிப் பொருளை விற்கிற வியாபாரியிடமோ நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையை உரியவர் கொடுத்துவிட்டுத்தான் பொருளை எடுத்துப் போக வேண்டும்.

இங்கே அப்படி இல்லை. 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27: விற்பவனுக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குபவனுக்கும் வராது. ஏமாந்து வாங்கியவருக்கு ஒரு சின்ன ஆறுதல் பிரிவு 453-இல் இருந்தது. திருடனுக்குத் தண்டனை ஆகி, பிடிபடும்போது அவனிடம் பணமும் அகப்பட்டிருந்தால், அதிலிருந்து அவருக்குக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். என் வழக்கில் பிடிபட்டவனிடம் ஒரு பைசா அகப்படவில்லை.

அன்று பிரெஞ்சுச் சட்டம் இருந்த காரைக்காலாக இருந்திருந்தால், கடையில் வாங்கிய அந்த வியாபாரிக்கு முழு விலையையும் கொடுத்த பிறகே என் வண்டியை நான் தொட்டிருக்க முடியும். எது நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. என் பொருளுக்கு நான் ஏன் இரண்டு தடவை விலை கொடுக்க வேண்டும்? தவறே செய்யாத அவர் ஏன் மொத்தத்தையும் இழக்க வேண்டும்? கரந்தை வீரன் உயிரைக் கொடுத்தான், குடியானவன் துப்புக்கூலி கொடுத்தான். என் வண்டி திரும்பி வந்ததற்கு உண்மையான விலையைக் கொடுத்தது அந்தக் காய்கறி வியாபாரி. அவர் ஊர் என்ன என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தெருக்காரர் வண்டி இன்னும் அகப்படவில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யை மட்டும் பார்க்காதீர்கள். சேஸிஸ் நம்பரின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அந்த எழுத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவோடு ஒப்பிட்ட பிறகே பணத்தை எண்ணுங்கள்.